தலை நுழையும் அளவு

ஓதம் வற்றிய ஐந்தே காலுக்கு
கிராஞ்சிச் சேற்றில் முழங்கால் வரை நான்.
இரவு ஷிஃப்ட் முடிந்ததும் நேரே வந்தது.
எதிரே ஜொகூர் விளக்குகள் இன்னும் அணையவில்லை.
பையில் தையல் பிரிக்கும் கத்தரி,
வார்டுக் கணக்கில் வராத பழசு.

ஜெஸ்லின் குவா டார்ச் அடித்தாள்.
வலை தெரியவில்லை.
மாட்டியவைதான் தெரிந்தன:
பதினொரு லாட நண்டு
(இரண்டு, ஒன்றன் முதுகை ஒன்று பிடித்தபடியே),
ஒற்றைச் செருப்பு,
கண் போன ஒரு மடவை.

தூண்டில் கேள்வி கேட்கும்;
மீன் பதில் சொல்லாமல் போகலாம்.
வீச்சுவலைக்குத் தோள் வேண்டும்,
ஓரத்தைக் கவ்வப் பல் வேண்டும்,
விரியும் அந்த ஒரு நொடிக்கு ஆள் வேண்டும்.
கேலோங்கின் மரக்கால்கள்
மீனை நடத்திக்கொண்டு போகும்,
உட்லண்ட்ஸ் சாவடியில் வரிசை நகர்வதுபோல்
உள்ளே, இன்னும் உள்ளே.
புபுக் கூட்டுக்கு வாசல் உண்டு,
அதே வாசல் திரும்பி வரும்போது இருக்காது.

செவுள்வலை நிற்கும்.
அவ்வளவுதான் அதன் வேலை.
தலை போகும், தோள் போகாது,
பின்வாங்கினால் செவுள்.
மீன் செய்த தவறெல்லாம்
பாதி வழி சரியாக வந்ததுதான்.

நைலான் எனக்குப் பழகிய பொருள்.
வயிற்றில் போட்டதைப் பத்தாம் நாள்,
புருவத்தில் போட்டதை ஐந்தாம் நாள் பிரிப்பேன்.
முடிச்சைத் தூக்கு, தோலை ஒட்டி வெட்டு, இழு.
நண்டுக்கும் கிட்டத்தட்ட அதேதான்:
வாலைப் பிடித்துத் தூக்காதே,
ஓட்டை ஒரு கையால் தாங்கு,
கால்களை ஒவ்வொன்றாக.
ஊசிமருந்தில் அசுத்தம் உண்டா என்று
இதன் நீல ரத்தத்தை வைத்துப் பார்ப்பார்கள்.
எத்தனை ஊசி போட்டிருப்பேன்,
ஒரு நண்டுக்கும் நன்றி சொன்னதில்லை.
அன்றும் சொல்லவில்லை. கை வேலையாக இருந்தது.

ஆளில்லா வலை, என்றாள் ஜெஸ்லின்.
போட்டவன் மறந்துவிட்டான், வலை மறக்கவில்லை.
சம்பளம் இல்லை, எம்சி இல்லை,
பெர்மிட் புதுப்பிக்க வேண்டாம்,
பிடித்துக்கொண்டே இருக்கிறது பார்.
நன்றாகத்தான் சொன்னாள். தலையாட்டினேன்.
எட்டாவது நண்டு கையை விட்டு இறங்கும்போது
கரையில் ஒரு மின்சைக்கிள் நின்றது.

"ஹோய்! அது என் வலை."

முதுகில் பச்சை டெலிவரிப் பை.
ஜுஃப்ரி என்று பேர், பிறகு தெரிந்தது.
நேற்று ராத்திரி ஏழரைக்குக் கட்டினானாம்,
கடைசி ஆர்டர் முடித்து எடுக்க வந்தானாம்.
மடவைக்குத்தான் போட்டேன்,
நண்டு எனக்கும் தொல்லை, என்றான்.
வலையைத் தூக்கிப் பார்த்தான்.
நான் வெட்டிய ஓட்டை வழியே
கொஞ்சம் விடியல், அவன் தாடை.

ஜெஸ்லின் சட்டம் பேசத் தொடங்கினாள்.
அவன் என் சட்டையைப் பார்த்தான்.
"நைட் ஷிஃப்டா?"
"ஆமாம்."
"நானும்."

விலை கேட்டேன். நாற்பது வெள்ளி.
சேற்று விரலைத் திரை ஏற்கவில்லை,
மூன்றாம் முறைதான் பேநவ் போனது.
டிங் என்று அவன் இடுப்பில் சத்தம் கேட்டதும்
குனிந்தான்.
மீதி மூன்றையும் அவனே எடுத்துவிட்டான்
கத்தரி இல்லாமல்,
ஒரு நூல்கூட அறாமல்.
என் ஒரு நண்டுக்கு ஆன நேரம்கூட ஆகவில்லை.
கத்தரியை மடித்துப் பைக்குள் போட்டேன்.

ரயிலில் என் பக்கத்து இருக்கை
வீடு வரை காலியாகவே வந்தது.

வியாழக்கிழமை, தேக்கா சந்தை.
ஐஸில் ஒரு காலா மீன்.
கழுத்தைச் சுற்றி
செதில் உதிர்ந்த ஒரு கோடு, நைலான் அகலத்தில்.
இதற்குமுன் நூறு முறையாவது பார்த்திருப்பேன்,
மீனின் அடையாளம் என்று நினைத்து.

குழம்புக்கா, தலை வேண்டுமா, என்றார் கடைக்காரர்.
கத்தி அந்தக் கோட்டின்மேல்தான்
சரியாக உட்கார்ந்திருந்தது.

வேண்டும், என்றேன்.